20,000 எழுத்துகளைக் கையால் எண்ணிய மனிதர்: கூகுள் தேடலுக்கு அடித்தளம் போட்ட மார்கோவ் யார்?

செல்போனில் ஒரு வார்த்தையைத் தட்டினால் போதும். கண் சிமிட்டும் நேரத்தில் இணையப் பக்கங்கள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. இதில் எது முதலில் வரணும், எது யாரும் பார்க்காத பத்தாவது பக்கத்தில் கிடக்கணும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் கணக்கை, கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில் ஒருவர் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து போட்டு வைத்தார். ரஷ்யாவைச் சேர்ந்த அவர் பெயர் ஆந்த்ரே ஆந்த்ரேயெவிச் மார்கோவ். அவர் இறந்து 100 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், தேடுபொறி செய்வதற்காக அவர் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஒருவர் சொன்ன வாதம் தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான் போட்டார்!

ஊன்றுகோலுடன் நடந்த சிறுவன்

1856-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரஷ்யாவின் ரியாஸான் நகரில் பிறந்தார் மார்கோவ். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தவர். பிறகு குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பணக்காரப் பெண்மணியின் எஸ்டேட்டை நிர்வகிக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது.

சின்ன வயதிலேயே முழங்காலில் நோய். பத்து வயது வரை ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் நடை சரியானது. ஆனாலும் கால் பிரச்னை கடைசி வரை அவரை விடவில்லை.

பள்ளியில் மற்ற பாடங்களில் சுமார்தான். கணக்கு என்று வந்தால் மட்டும் ஆள் வேறு. பள்ளி நாட்களிலேயே ஒரு புதிய கணித முறையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, பெரிய பேராசிரியர்களுக்கு எழுதி அனுப்பினார். அது ஏற்கெனவே தெரிந்த முறைதான். ஆனால் அந்தக் கடிதம் வீண் போகவில்லை. பையனிடம் விஷயம் இருக்கு என்று பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கவனித்துவிட்டார்கள்.

1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர், அந்தக் கால ரஷ்யக் கணிதத்தின் பெரிய தலை செபிஷேவ். 1878-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். 1884-இல் டாக்டர் பட்டம். 1886-இல் ரஷ்ய அறிவியல் அகாடமிக்குள் நுழைந்தவர், 1896-இல் அதன் முழு உறுப்பினர் ஆனார்.

இதற்கு நடுவில் ஒரு காதல் கதையும் உண்டு. அப்பா நிர்வகித்த எஸ்டேட்டின் உரிமையாளருக்கு ஒரு மகள், பெயர் மரியா. சின்ன வயதில் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது மார்கோவ்தான். 1883-இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார்.

யாருக்கும் வளையாத ஆள்

மார்கோவுக்கு உடன் வேலை பார்த்தவர்கள் மத்தியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஆவேச ஆந்த்ரே! தப்பு என்று பட்டால் எதிரில் இருப்பது அமைச்சரா, மன்னரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

1902-இல் எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியை அகாடமியின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அரசை எதிர்ப்பவர் என்பதால் மன்னர் ஜார் நிக்கோலாஸுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வு ரத்தானது. பெரும்பாலானவர்கள் வாய் மூடி இருக்க, மார்கோவ் எதிர்ப்புத் தெரிவித்தார். அரசு தரும் பட்டம், பதக்கம் எதுவும் தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

1908-இல் பல்கலைக்கழகங்களில் மாணவர் போராட்டம். மாணவர்களைப் பேராசிரியர்களே கண்காணிக்கணும் என்று அரசு எதிர்பார்த்தது. பாடம் நடத்துவதுதான் தன் வேலை, அரசுக்கு உளவு பார்ப்பது இல்லை என்று எழுதிக் கொடுத்து மறுத்தார்.

1901-இல் எழுத்தாளர் டால்ஸ்டாயை ரஷ்யத் திருச்சபை விலக்கி வைத்திருந்தது. 1912-இல் மார்கோவ் திருச்சபைக்கு ஒரு மனு போட்டார். தன்னையும் அதேபோல விலக்கிவிடும்படி கேட்டிருந்தார். கோரிக்கை ஏற்கப்பட்டது.

1913-இல் ரோமனோவ் அரச குடும்பம் ஆட்சிக்கு வந்து 300 ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடியது. மார்கோவ் என்ன செய்தார் தெரியுமா? பெர்னூலி என்ற கணித மேதையின் நூல் வெளியாகி 200 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அகாடமியில் தனியாக ஒரு விழா நடத்தினார்! அரச விழாவுக்குப் போட்டியாக ஒரு கணக்கு விழா.

அந்த பெர்னூலி நூலில் இருந்த ஒரு விதிதான் மார்கோவின் மிகப் பெரிய சண்டைக்கும் காரணம்.

சண்டை எதைப் பற்றி?

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழலாம். ஆனால் பத்தாயிரம் முறை சுண்டினால், தலை கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாக வந்து நிற்கும். எண்ணிக்கை கூடக் கூடச் சராசரி ஓரிடத்தில் நிலைத்துவிடும். இதற்குப் பெயர் பேரெண் விதி. 1713-இல் வெளியான பெர்னூலியின் நூல் சொன்னது இதைத்தான்.

இதில் ஒரு நிபந்தனை இருப்பதாகப் பலரும் நினைத்தார்கள். ஒவ்வொரு சுண்டலும் தனித்தனியாக இருக்கணும். முந்தைய சுண்டலின் பாதிப்பு அடுத்ததில் இருக்கக் கூடாது.

மாஸ்கோவைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் பாவெல் நெக்ராசோவ் இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டார். இறையியல் படித்துவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர் அவர். சமூகப் புள்ளிவிவரங்களைப் பாருங்கள், ஆண்டுதோறும் சராசரிகள் பெரிதாக மாறுவதில்லை என்றார். சராசரி நிலைக்கிறது என்றால் மனிதர்களின் செயல்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக நடக்கின்றன என்று அர்த்தம். அப்படியானால் மனிதனுக்குச் சுதந்திரமான விருப்பம் இருக்கிறது என்பது கணக்கு மூலமே உறுதியாகிறது. இதுதான் அவரது வாதம்.

மார்கோவுக்குக் கோபம் வந்தது. மனிதனுக்குச் சுதந்திர விருப்பம் உண்டா, இல்லையா என்பது இல்லை அவர் பிரச்னை. கணக்கைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்களே என்பதுதான். ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளிலும் சராசரி நிலைக்க முடியும் என்று காட்டிவிட்டால் போதும், நெக்ராசோவின் வாதம் சரிந்துவிடும்.

1906-இல் அதைக் காட்டினார். ஒரு நிகழ்வு அடுத்ததைப் பாதிக்கிறது, அது அதற்கடுத்ததைப் பாதிக்கிறது. இப்படி ஒரு சங்கிலிபோல நிகழ்வுகளைக் கோத்தார். அதிலும் பேரெண் விதி வேலை செய்யும் என்று நிரூபித்தார். பின்னாளில் உலகம் இதற்கு வைத்த பெயர், மார்கோவ் சங்கிலி.

கவிதையில் எழுத்துகளை எண்ணியது ஏன்?

நிரூபணம் காகிதத்தில் இருந்தால் போதாது, நிஜ உதாரணம் ஒன்று வேண்டும் என்று நினைத்தார் மார்கோவ். எடுத்தது ரஷ்யர்கள் கொண்டாடும் புஷ்கினின் யெவ்கேனி ஓனெகின் என்ற செய்யுள் நாவல்.

முதல் 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டார். இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாவற்றையும் நீக்கினார். பத்துக்குப் பத்துக் கட்டங்களாக, மொத்தம் 200 கட்டங்களில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் உயிரெழுத்தா, மெய்யெழுத்தா என்று கையாலேயே எண்ணினார்.

கிடைத்தது இதுதான்:

உயிரெழுத்துகள் 8,638. மெய்யெழுத்துகள் 11,362. அதாவது உயிரெழுத்தின் பங்கு சுமார் 43.2 சதவீதம்.

எழுத்துகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்றால், எந்த எழுத்துக்கு அடுத்தும் உயிர் வர 43 சதவீத வாய்ப்பு இருந்திருக்கணும். ஆனால் நிஜத்தில் உயிருக்கு அடுத்து இன்னொரு உயிர் வந்தது சுமார் 12.8 சதவீதம்தான். மெய்க்கு அடுத்து உயிர் வந்தது 66.3 சதவீதம்!

ஆக, எழுத்துகள் ஒன்றையொன்று நன்றாகவே சார்ந்திருக்கின்றன. ஆனாலும் மொத்தப் பங்கு நிலையாக இருக்கிறது. 1913 ஜனவரியில் அகாடமியில் இதை வாசித்தார். நெக்ராசோவின் கணக்குக்கு இது நேரடியான பதிலடி.

சரி, கூகுளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மார்கோவின் கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி பாருங்கள். உயிர், மெய் என்று இரண்டே இரண்டு வீடுகள். ஒரு ஆள் இந்த இரண்டு வீடுகளுக்கு இடையே போய்வந்துகொண்டே இருக்கிறார். உயிர் வீட்டில் இருந்தால் அடுத்தும் அங்கேயே இருக்க 12.8 சதவீத வாய்ப்பு. மெய் வீட்டில் இருந்தால் உயிர் வீட்டுக்கு வர 66.3 சதவீத வாய்ப்பு. அவருக்கு எந்த வழியாக வந்தோம் என்ற ஞாபகமே கிடையாது. இப்போது எங்கே இருக்கிறார் என்பது மட்டுமே கணக்கு.

நீண்ட காலம் இப்படி நடந்தால், உயிர் வீட்டில் எவ்வளவு நேரம் கழிப்பார்? அந்த இரண்டு வாய்ப்புகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலே விடை 43.2 சதவீதம் என்று வரும். மார்கோவ் எண்ணிய அதே எண்!

இப்போது இரண்டு வீடுகளுக்குப் பதிலாகக் கோடிக்கணக்கான இணையப் பக்கங்கள். ஒரு பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளில் ஏதோ ஒன்றைத் தட்டி அடுத்த பக்கத்துக்குப் போகிறார் ஒருவர். அங்கிருந்து இன்னொன்று. அவர் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் இருப்பாரோ, அதுதான் முக்கியமான பக்கம்.

1998-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை இதுதான். அந்த ஆண்டே கூகுள் நிறுவனமும் தொடங்கியது. அடிப்படையில் அது ஒரு பிரம்மாண்டமான மார்கோவ் சங்கிலி.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் சேர்த்தார்கள். 85 சதவீத நேரம் அந்த ஆள் லிங்க்கைத் தட்டுவார். மீதி 15 சதவீத நேரம் சலித்துப்போய் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். வெளியே போக லிங்க்கே இல்லாத பக்கங்களில் அவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. இன்று தேடல் வரிசைக்கு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் தொடக்கம் இதுதான்.

நெட்வொர்க் மாறிக்கொண்டே இருந்தால்?

இங்கேதான் பெரிய சிக்கல். புஷ்கின் எழுதிய வரிகள் இனி மாறப்போவதில்லை. மார்கோவ் ஒரு முறை எண்ணினால் போதும். ஆனால் இணையம் அப்படி இல்லை. ஒவ்வொரு நொடியும் புதிய பக்கம் வருகிறது, பழைய லிங்க் அறுகிறது. சமூக வலைதளங்களில் யாரோ யாரையோ ஃபாலோ செய்துகொண்டே இருக்கிறார்கள்.

1998-இல் பேஜ், பிரின் இருவரும் கொடுத்த கணக்குப்படி, 2.6 கோடி பக்கங்களுக்கு இந்த மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண கம்ப்யூட்டருக்குச் சில மணி நேரம் ஆனது. ஒரே ஒரு லிங்க் மாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியுமா? கணக்கு முடிவதற்குள் இன்னும் ஆயிரம் லிங்க் மாறியிருக்குமே!

இதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஒன்று: பழைய விடையிலிருந்து ஆரம்பிப்பது

மார்கோவின் இரண்டு வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் வீட்டின் பங்கு 50 சதவீதம் என்று குத்துமதிப்பாக ஆரம்பித்தால், அடுத்த சுற்றில் 39.6, பிறகு 45.1, பிறகு 42.1, பிறகு 43.7 என்று மேலும் கீழுமாக ஆடி 43.2-ஐ நெருங்கும். முதலிலேயே 43 என்று ஆரம்பித்திருந்தால் இந்த ஆட்டமெல்லாம் தேவையே இல்லை. நேற்றைய விடை இன்றைய விடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் நேற்றைய விடையையே தொடக்கமாக வைத்தால் பல சுற்றுகள் மிச்சம்.

இரண்டு: மாறிய இடத்தை மட்டும் பார்ப்பது

குளத்தில் கல் போட்டால் அலை எழும். தூரம் போகப் போக அது அடங்கிவிடும். லிங்க் மாற்றமும் அப்படித்தான். ஒவ்வொரு படிக்கும் 85 சதவீதம்தான் முன்னே போகிறது. பத்துப் படிகள் தாண்டினால் பாதிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். முப்பது படிகள் தாண்டினால் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதனால் மாற்றம் நடந்த இடத்தையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, மீதி இணையம் முழுவதையும் ஒரே ஒரு பெரிய புள்ளியாகச் சுருக்கிவிடலாம். கோடிக்கணக்கான புள்ளிகள் கொண்ட கணக்கு, சில ஆயிரம் புள்ளிகளில் முடிந்துவிடும்.

மூன்று: நடந்த தடங்களைச் சேமித்து வைப்பது

ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சில நடைப்பயணங்களை கம்ப்யூட்டரில் நடத்தி, போன வழியைப் பதிவு செய்துகொள்வார்கள். எந்தப் பக்கத்தை அதிகத் தடங்கள் கடக்கின்றனவோ அது முக்கியமான பக்கம். ஒரு லிங்க் மாறினால், அந்த லிங்க் இருக்கும் பக்கத்தைக் கடந்த தடங்களில்தான் மாற்றம் வரக்கூடும். அவற்றை மட்டும் திருத்தினால் போதும். மற்றதைத் தொடவே வேண்டாம். 2010-இல் ஸ்டான்ஃபோர்டு மற்றும் ட்விட்டர் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இந்த வகையைச் சேர்ந்தது.

எல்லா நேரமும் இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். மிக முக்கியமான ஒரு பக்கத்திலேயே லிங்க் மாறினால், ஏராளமான தடங்கள் அந்த வழியாகத்தான் போயிருக்கும். அப்போது வேலையும் கூடும். முக்கியத்துவத்தை அளக்கக் குறுக்குவழிகளை வைத்துக் கணக்கிடும் வேறு முறைகளும் உண்டு. அவற்றில் சிக்கல் இன்னும் பெரிது. ஒரே ஒரு புதிய பாலம் கட்டினால் ஊர் முழுக்கப் போக்குவரத்தே வழி மாறுவது போல, ஒரு இணைப்பு எங்கோ தூரத்தில் இருக்கும் புள்ளியின் மதிப்பையும் புரட்டிப் போட்டுவிடும்.

ஆனாலும் இந்த வழிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது மார்கோவ் சொன்ன ஒரே விஷயம்தான். அடுத்த அடி எங்கே என்பதை இப்போது நிற்கும் இடம் மட்டும்தான் முடிவு செய்கிறது. பழைய கதை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை.

கடைசி நாட்களில் காலணி இல்லை

இவ்வளவு பெரிய கணக்கைத் தந்தவரின் கடைசி ஆண்டுகள் சுலபமாக இல்லை.

1917-இல் ரஷ்யாவில் புரட்சி. தலைநகரில் உணவுத் தட்டுப்பாடு. மார்கோவ் குடும்பத்துடன் ஸரைஸ்க் என்ற சிற்றூருக்குப் போனார். உலகம் அறிந்த கணித மேதை, அங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். சம்பளம் வாங்கவில்லை.

திரும்பி வந்தபோது உடம்பு தளர்ந்திருந்தது. கண்ணில் அறுவை சிகிச்சை. நிற்கவே சிரமம். ஆனாலும் பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவு பாடம் நடத்துவதை விடவில்லை. 1921-இல், போட்டுக்கொள்ளக் காலணி இல்லாததால் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்று அகாடமிக்குத் தெரிவிக்க வேண்டிய நிலை வந்தது.

சிறுவயதில் படுத்திய கால், கடைசியிலும் விடவில்லை. காலில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் கிருமி பரவியது. 1922 ஜூலை 20-ஆம் தேதி பெட்ரோகிராட் நகரில் காலமானார். வயது 66. அவரது தம்பி விளாதிமிரும் கணித மேதைதான். ஆனால் காசநோயால் 1897-இலேயே இளவயதில் இறந்துவிட்டார். அப்பாவின் அதே பெயர் கொண்ட மகன் ஆந்த்ரே மார்கோவ், பின்னாளில் சோவியத் யூனியனின் பெயர்பெற்ற கணித அறிஞராக வளர்ந்தார்.

இன்று எங்கெல்லாம் இருக்கிறார்?

மார்கோவ் தன் சங்கிலியை எதற்காவது பயன்படுத்த முடியும் என்று காட்டிய உதாரணம் கவிதை எழுத்துகள்தான். ஆனால் இன்று அவர் கணக்கு இல்லாத இடமே இல்லை. தேடல் வரிசை, பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள், மரபணு ஆய்வு, வரிசையில் காத்திருக்கும் நேரக் கணிப்பு என்று பட்டியல் நீள்கிறது. ஒரு எழுத்துக்கு அடுத்து எது வரும் என்று எண்ணியதில் ஆரம்பித்த பாதை, அடுத்த வார்த்தையை ஊகிக்கும் இன்றைய மொழித் தொழில்நுட்பம் வரை வந்திருக்கிறது.

ஜார் கொடுத்த பதக்கங்களை வேண்டாம் என்றவர் அவர். ஒரு தப்பான வாதத்தைச் சும்மா விட முடியாமல் 20,000 எழுத்துகளை எண்ணினார். அடுத்த முறை செல்போனில் எதையாவது தேடும்போது, அந்த வரிசைக்குப் பின்னால் 200 கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்த அந்தப் பிடிவாதக்கார மனுஷனும் இருக்கிறார்.